தண்ணீருக்கு வந்தவன்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, கல்லூரியில் படிக்கும் என் பேத்தி என்னைப் பிடித்து உட்கார வைத்து ஒரு சினிமா காட்டினாள். கொட்டகைக்குப் போய்ப் படம் பார்க்கும் பழக்கம் எனக்கு விட்டுப்போய் வெகு காலமாகிறது. இப்போதோ கொட்டகையே வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டு விட்டபடியால் தப்பித்துக்கொள்ள வழியில்லை. "சண்டைப் படமா? எனக்கு வேண்டாம்" என்று எழுந்தவனை, "சரித்திரப் படம் தாத்தா, உங்க தொழில்தான்" என்று சொல்லி மடக்கிவிட்டாள்.

'எனிமி அட் தி கேட்ஸ்' என்று படத்துக்குப் பெயர். வாசலில் வந்து நிற்கும் பகைவன் என்று பொருள் சொல்லலாம். ழான் ழாக் அன்னோ என்ற பிரெஞ்சுக்காரர் டைரக்ட் செய்து 2001-ஆம் வருஷம் வெளிவந்தது. கதை நடக்கும் இடம் ருஷ்யாவின் ஸ்டாலின்கிராட் நகரம், காலம் 1942. உரால் மலைப் பக்கத்திலிருந்து வந்த வாசிலி ஜைத்செவ் என்ற இளைஞன் குறி தப்பாமல் சுடுகிறான். டானிலோவ் என்ற அரசியல் அதிகாரி அவன் புகழைப் பத்திரிகையில் எழுதி எழுதி அவனைத் தேசத்துக்கே வீரனாக்கிவிடுகிறான். அவனைத் தீர்த்துக் கட்டுவதற்கென்றே ஜெர்மனியிலிருந்து மேஜர் கோனிக் என்ற மகா நிபுணன் வந்து சேருகிறான். இடிந்த சுவர்களுக்கு நடுவே இருவரும் ஒருவரையொருவர் நாள் கணக்கில் தேடுகிறார்கள். முடிவில் கோனிக் வீழ்கிறான்.

ஜூட் லாவும் எட் ஹாரிஸும் எதிரெதிரே நின்று நன்றாகவே நடித்திருக்கிறார்கள். நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் பார்த்தேன். படம் முடிந்ததும் பேத்தி கேட்டாள்: "தாத்தா, அந்த மேஜர் கோனிக் நிஜமாவே இருந்தாரா?"

"தெரியவில்லையே, அம்மா" என்றேன்.

"என்ன தாத்தா, சரித்திர நாவலா எழுதித் தள்ளியிருக்கீங்க. உங்களுக்கே தெரியாதா?"

அந்தக் கேள்வி என்னைச் சுருக்கென்று தைத்தது. மறுநாளே அலமாரியைக் குடைய ஆரம்பித்தேன். சில புத்தகங்களை வெளியிலிருந்தும் வரவழைத்தேன். அவற்றில் கண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் சந்தேகத்துக்கு இடமில்லாத விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். வோல்கா நதியின் மேற்குக் கரையில் நீளவாக்கில் கிடக்கிற நகரம் அது. பழைய பெயர் ஜாரிட்சின். 1925-இல் ஸ்டாலின்கிராட் ஆயிற்று. 1961-இல் மறுபடி பெயர் மாறி வோல்கோகிராட் ஆயிற்று. 1942 ஆகஸ்டு 23-ஆம் தேதி ஜெர்மன் விமானங்கள் அதன்மேல் குண்டு மாரி பொழிந்தன. வீடுகள் எரிந்தன; ஜனங்கள் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். பிறகு ஜெர்மன் தரைப்படை தெருத் தெருவாக, மாடி மாடியாக உள்ளே புகுந்தது. ருஷ்யர்களுக்குப் பின்னால் நதி, பின்வாங்க இடமில்லை. அதற்கு முன்பே, ஜூலை 28-ஆம் தேதி, ஓர் அடியும் பின்வைக்கக் கூடாது என்று ஸ்டாலின் உத்தரவு போட்டிருந்தார். ஜெனரல் சுய்கோவின் 62-ஆவது சேனை நதிக்கரையை ஒட்டிய சிறு சிறு துண்டு நிலங்களைப் பற்றிக்கொண்டு உயிரை விட்டது. நவம்பர் 19-ஆம் தேதி சோவியத் படைகள் வெளியிலிருந்து பெரும் தாக்குதலைத் தொடங்கி, சில நாட்களுக்குள் முற்றுகையிட்டவர்களையே முற்றுகையிட்டன. 1943 ஜனவரி 31-ஆம் தேதி ஜெர்மன் தளபதி பௌலுஸ் ஒரு பெரிய கடையின் நிலவறையில் சரணடைந்தார். பிப்ரவரி 2-ஆம் தேதி எல்லாம் முடிந்தது. கைதானவர்கள் சுமார் 91,000 பேர். அவர்களில் ஊர் திரும்பியவர்கள் ஐயாயிரத்தைச் சற்றே தாண்டலாம். கடைசியாகத் திரும்பியவர்கள் 1955-இல்தான் தங்கள் வீட்டு வாசலை மிதித்தார்கள்.

வாசிலி ஜைத்செவ்வும் உண்மையான மனிதர்தான். 1915-இல் உரால் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். தாத்தாவிடம் வேட்டை கற்றவர். யுத்தம் வந்தபோது அவர் நாட்டின் மறுகோடியில், விளாடிவோஸ்டாக்கில், பசிபிக் கடற்படையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். ஆம், கணக்கப்பிள்ளை! தாமாகவே போர்முனைக்கு மனுப் போட்டு, 1942 செப்டம்பரில் பாட்யுக் என்பவரின் 284-ஆவது டிவிஷனோடு வோல்காவைக் கடந்தார். நவம்பர் 10 முதல் டிசம்பர் 17 வரை 225 பேரை அவர் சுட்டு வீழ்த்தியதாகவும், அவர்களில் 11 பேர் எதிரிகளின் ஸ்னைப்பர்கள் என்றும் சோவியத் கணக்கு கூறுகிறது. பல இளைஞர்களுக்கு அந்த வித்தையைக் கற்றும் கொடுத்தார். ருஷ்ய மொழியில் 'ஜாயத்ஸ்' என்றால் முயல். ஆகவே அவருடைய சீடர்களுக்கு முயல் குட்டிகள் என்றே பெயர் வந்துவிட்டது.

இனி துவந்த யுத்தத்துக்கு வருவோம். இதை அன்னோ கற்பனை செய்யவில்லை. சுய்கோவ் 1959-இல் வெளியிட்ட நினைவுக் குறிப்புகளிலேயே இந்தக் கதை இருக்கிறது. ஜைத்செவ் எழுதிய சுயசரிதையிலும் இருக்கிறது. ஜெர்மன் ஸ்னைப்பர் பள்ளியின் தலைவர், பெர்லினிலிருந்து வந்தவர், ஜைத்செவ்வின் தோழர்களைச் சுட்டு வீழ்த்துகிறார். ஜைத்செவ்வும் குலிகோவ் என்ற நண்பரும் நாள் கணக்கில் காத்துக் கிடக்கிறார்கள். ஒரு தகரமும் அதன் பக்கத்தில் கொஞ்சம் செங்கல்லும் கிடக்கின்றன. ஜைத்செவ் ஒரு பலகையில் கையுறையை மாட்டி உயர்த்துகிறார். குண்டு நேர் எதிரே இருந்து துளைக்கிறது. ஆள் அந்தத் தகரத்தின் அடியில்தான் இருக்க வேண்டும்! வெயில் எதிரியின் பக்கம் திரும்புகிற வரையில் பொறுத்திருக்கிறார்கள். தகரத்தின் ஓரத்தில் ஏதோ பளிச்சிடுகிறது. குலிகோவ் தம் இரும்புத் தொப்பியை மெல்ல உயர்த்துகிறார். குண்டு பாய்கிறது. குலிகோவ் அலறி விழுவதுபோல் நடிக்கிறார். செத்தவனைப் பார்க்க ஜெர்மானியர் தலையை நீட்டுகிறார். அவ்வளவுதான்.

அருமையான கதை. நான் எழுதியிருந்தால் இதைவிட நன்றாக அமைத்திருக்க முடியாது. என் சந்தேகமே அங்கேதான் பிறந்தது. இவ்வளவு நன்றாக அமைந்த கதை என் அனுபவத்தில் வாழ்க்கையில் நடப்பதில்லை. அதற்கு எங்களைப் போன்றவர்களின் உதவி வேண்டியிருக்கிறது.

அந்த ஜெர்மானியருக்குப் பெயரே ஒன்றாக இல்லை. ஒரு நூலில் கோனிங்ஸ். ஒரு நூலில் கோனிக். வேறொன்றில் ஹைன்ஸ் டோர்வால்ட். இந்தப் பெயர்களில் அப்படிப்பட்ட பள்ளித் தலைவர் ஒருவர் இருந்ததற்கு ஜெர்மன் தரப்பில் ஆதாரம் அகப்படவில்லை. ஸ்டாலின்கிராட் போரைப்பற்றி 1998-இல் பெரிய நூல் எழுதிய ஆன்டனி பீவர் என்ற ஆங்கிலேய ஆசிரியர் இன்னொரு முக்கியமான விஷயத்தைக் காட்டுகிறார். போர்முனையிலிருந்து மாஸ்கோவிலிருந்த அரசியல் பிரிவுத் தலைவர் ஷெர்பகோவுக்கு அறிக்கைகள் போய்க்கொண்டே இருந்தன. ஸ்னைப்பர்களின் சாகசங்களையெல்லாம் அந்த அறிக்கைகள் ஆசை ஆசையாக வர்ணிக்கின்றன. ஆனால் எல்லாவற்றிலும் பெரிய சாகசமான இந்தத் துவந்த யுத்தத்தைப்பற்றி ஒரு வரிகூட இல்லையாம்! கல்யாண வீட்டுச் சமையற்காரன் கறிவேப்பிலை வரைக்கும் கணக்கு எழுதிவிட்டு மாப்பிள்ளை வந்ததைச் சொல்ல மறந்ததுபோல் இருக்கிறது இது.

ஜைத்செவ் எதிரி ஸ்னைப்பர் எவரையும் சுடவில்லை என்று நான் சொல்லவில்லை. 11 பேர் என்று கணக்கே இருக்கிறதே! அவர்களில் ஒருவன் மற்றவர்களைவிடச் சாமர்த்தியசாலியாக இருந்திருக்கலாம். தகரமும் கையுறையும் மெய்யாகவே இருந்திருக்கலாம். அவனுக்கு மேஜர் பட்டம் கொடுத்து, பள்ளித் தலைவனாக்கி, பெர்லினிலிருந்து விமானத்தில் வரவழைத்தது மட்டும் பின்னால் நடந்த வேலை என்று தோன்றுகிறது.

அந்த வேலைக்கு அவசியம் இருந்தது. அந்த நகரத்தில் தினந்தோறும் பெயர் தெரியாமல் மனிதர்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். இருபது பேர் ஒரு படிக்கட்டைக் காத்து மடிந்தார்கள் என்றால் பத்திரிகைக்கு அது ஒரு வரிச் செய்தி. ஒருவன் முகம், ஒருவன் பெயர், ஒருவன் எண்ணிக்கை என்று சொன்னால்தான் படிக்கிற சிப்பாய்க்கு நிமிர்ந்து உட்காரத் தோன்றும். எண்ணிக்கையில் முதலாவதாக இருந்தவரும் ஜைத்செவ் அல்ல என்று பீவர் எழுதுகிறார். நவம்பர் 20-ஆம் தேதிக்குள் 224 பேரை வீழ்த்திய இன்னொருவரின் பெயர் அறிக்கைகளில் 'ஜிகான்' என்று மட்டும் இருக்கிறது. முழுப் பெயர்கூட இல்லை. அவரைப்பற்றி யாரும் படம் எடுக்கவில்லை.

இந்த இடம் வரையில் வந்தபோது, பேத்திக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று எண்ணினேன். "கோனிக் அநேகமாகக் கற்பனை" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போயிருக்கலாம். ஆனால் வாசிலி கிராஸ்மன் எழுதியதைப் படித்த பிறகு தூக்கம் வரவில்லை.

கிராஸ்மன் நம்மவர், அதாவது நாவலாசிரியர். செஞ்சேனையின் பத்திரிகைக்கு நிருபராக ஸ்டாலின்கிராடுக்குப் போனவர். அவருடைய தாயாரை 1941-இல் பெர்டிசெவ் நகரத்தில் நாஜிகள் மற்ற யூதர்களோடு சேர்த்துக் கொன்றிருந்தார்கள். ஜெர்மானியரை வெறுப்பதற்கு அவரைவிட அதிகக் காரணம் உள்ளவர் இருக்க முடியாது. அவர் அனடோலி செகாவ் என்ற ஸ்னைப்பரோடு இருந்து, அந்தப் பையன் செய்வதையும் சொல்வதையும் பார்த்து எழுதியிருக்கிறார். பையனுக்குச் சுமார் இருபது வயது. யுத்தத்துக்கு முன்பு கவண்கல்லால் ஒரு குருவியைக்கூட அடித்ததில்லை; உயிர்களிடத்தில் இரக்கம். அவன் முதன் முதலில் சுட்டது யாரைத் தெரியுமா? பள்ளித் தலைவரையும் அல்ல, மேஜரையும் அல்ல. பாத்திரத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்கு வந்த ஒரு ஜெர்மன் சிப்பாயை.

ஒரு மனிதனைக் கொன்றுவிட்டோமே என்று அவன் முதலில் திகைத்தான். பிறகு தன் ஜனங்களுக்கு நேர்ந்ததை நினைத்துக்கொண்டான்; இரக்கத்தை விட்டான். ஆரம்பத்தில் அந்தத் தெருவில் ஜெர்மானியர்கள் நிமிர்ந்து நடந்தார்கள். சில நாட்களில் ஓட ஆரம்பித்தார்கள். பிறகு தவழ்ந்தார்கள். அப்புறம் தண்ணீருக்கு வருவதையே விட்டுவிட்டார்கள். பெரும் நதி ஒன்று பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்க, வறண்ட தொண்டையோடு நிலவறைகளில் கிடந்தார்கள்.

ஸ்னைப்பரின் தொழில் இதுதான். தனக்குச் சமமான வீரனைத் தேடிப் போவதல்ல. சோற்று வாளி தூக்குகிறவன், தந்திக் கம்பி இழுக்கிறவன், தண்ணீருக்குப் போகிறவன் இவர்களைக் காத்திருந்து சுடுவது. இரண்டு பக்கத்து ஸ்னைப்பர்களும் இதைத்தான் செய்தார்கள்.

மறைந்து நின்று கொல்வது தர்மமா என்ற கேள்வி நமக்குப் புதிதல்ல. மார்பில் அம்பு தைத்துக் கிடந்த வாலி கேட்ட அந்தக் கேள்விக்கு இன்றுவரை நம் ஊர்களில் பட்டிமன்றம் நடந்துகொண்டுதான் இருக்கிறது. வாலி கேட்டதால் கேள்வி வந்தது. தண்ணீருக்கு வந்தவன் யாரிடம் கேட்பான்? குண்டு எங்கிருந்து வந்தது என்று அறிவதற்குள் விழுந்துவிட்டான்.

மேஜர் கோனிக் எதற்காகத் தேவைப்பட்டார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. கோனிக் வந்துவிட்டால் வாலியின் கேள்வி எழுவதில்லை. அவனும் மறைந்திருக்கிறான், இவனும் மறைந்திருக்கிறான். அவனும் நிபுணன், இவனும் நிபுணன். ஒருவன் செத்தால் நியாயமாகச் செத்தான். நம் மனசு சமாதானம் அடைந்துவிடுகிறது. 225 பேரில் ஒருவனை முன்னால் நிறுத்தி, மீதி 224 பேரையும் அவன் முதுகுக்குப் பின்னால் மறைத்துவிடுகிறோம்.

ஜைத்செவ்வையோ செகாவையோ நான் குற்றம் சொல்வதாக வாசகர்கள் எண்ணிவிடக் கூடாது. படையெடுத்து வந்தவர்கள் ஜெர்மானியர்கள். ஊரை எரித்தவர்கள் அவர்கள். அந்த நிலவறைகளில் ஒளிந்து கிடந்த ருஷ்யத் தாய்மார்களுக்கும் தாகம் உண்டு. தன் ஊர்க்காரர்களைக் கொல்ல வந்தவனுக்குத் தண்ணீர் கிடைக்காமல் செய்தவனை, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் நான் எப்படித் தீர்ப்புக் கூறுவது? நான் கேட்பதெல்லாம், செய்ததைச் செய்ததாகச் சொல்ல வேண்டும் என்பதுதான்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். எழுதவே கை கூசுகிறது. தாகம் தாங்காத ஜெர்மன் சிப்பாய்கள், அநாதையாகத் திரிந்த ருஷ்யக் குழந்தைகளுக்கு ரொட்டித் துண்டைக் காட்டி, வோல்காவிலிருந்து தண்ணீர் நிரப்பி வரும்படி அனுப்பினார்கள். விஷயம் தெரிந்ததும் சோவியத் சிப்பாய்கள் அந்தக் குழந்தைகளையும் சுட்டார்கள் என்று பீவர் எழுதியிருக்கிறார். படத்திலும் ஒரு சிறுவன் வருகிறான். சாஷா என்று பெயர். கோனிக்குக்குச் செருப்புத் துடைத்துக்கொண்டே உளவு பார்க்கிறான். கோனிக் அவனைத் தூக்கில் தொங்கவிடுகிறான். சாஷா பிலிப்போவ் என்ற இளைஞன் மெய்யாகவே இருந்தான். உளவு பார்த்ததற்காக ஜெர்மானியர்கள் 1942 டிசம்பரில் அவனைத் தூக்கிலிட்டதும் மெய். ஆனால் திரையில் அந்தப் பாவம் முழுவதும் அநேகமாக இல்லாத ஒரு மேஜரின் தலையில் ஏறிவிடுகிறது. ரொட்டித் துண்டுக்காகத் தண்ணீர் எடுக்கப் போன குழந்தைகளுக்குப் படத்தில் இடமில்லை.

இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று யாரும் கேட்பதற்கு முன்பு நானே சொல்லிவிடுகிறேன். முப்பது வருஷங்களுக்கு முன்பு ஒரு வாரப் பத்திரிகையில் சரித்திரத் தொடர்கதை ஒன்று எழுதினேன். அதில் ஓர் ஒற்றனைச் சிருஷ்டித்தேன். கல்வெட்டிலும் கிடையாது, செப்பேட்டிலும் கிடையாது. முழுக்க முழுக்க என் சரக்கு. கதை முடிந்த சில மாதங்களில் தஞ்சை ஜில்லாவிலிருந்து ஒரு வாசகர் கடிதம் எழுதினார். அந்த ஒற்றன் கடைசியில் உயிர் விட்ட குளக்கரை தம் ஊரில்தான் இருக்கிறதென்றும், ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்த இடத்தைக் காட்டி வருவதாகவும் எழுதியிருந்தார். நான் பூரித்துப் போனேன். கடிதத்தை வீட்டில் எல்லோருக்கும் காட்டினேன். ஆனால், "ஐயா, அப்படி ஒருவன் இருந்ததே இல்லை" என்று அவருக்கு ஒரு கார்டு போடவில்லை. போட மனம் வரவில்லை.

மாஸ்கோவிலுள்ள ராணுவப் பொருட்காட்சிசாலையில், மேஜர் கோனிக்கின் துப்பாக்கியில் இருந்தது என்று சொல்லி ஒரு தொலைநோக்கியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்ததைப் பீவர் குறிப்பிடுகிறார். அதைப் படித்தபோது எனக்கு அந்தக் குளக்கரைதான் நினைவுக்கு வந்தது. கதை, கதை என்ற பெயரோடு வந்தால் யாருக்கும் கெடுதல் இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் போய், கீழே சீட்டு எழுதி ஒட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டால், உண்மைக்கு உட்கார இடமில்லாமல் போய்விடுகிறது. அந்தத் தொலைநோக்கிக்கு இடம் கொடுத்த அதே ராஜ்யம்தான், கிராஸ்மன் ஸ்டாலின்கிராடைப்பற்றி எழுதிய 'வாழ்க்கையும் விதியும்' என்ற பெரிய நாவலின் கைப்பிரதியை 1961-இல் பறித்துக்கொண்டு போயிற்று. கிராஸ்மன் 1964-இல் காலமானார். நாவல் 1980-இல்தான், அதுவும் ஸ்விட்ஸர்லாந்தில், அச்சில் வந்தது.

ஜைத்செவ்வின் மீதிக் கதையையும் சொல்லிவிட வேண்டும். படத்தில் அது இல்லை. 1943 ஜனவரியில் வெடி ஒன்றில் அவருடைய கண்கள் பழுதுபட்டன. கண்ணால் பேர் வாங்கியவருக்குக் கண் போயிற்று! பிலாடோவ் என்ற புகழ்பெற்ற கண் வைத்தியர் பார்வையை மீட்டுக் கொடுத்தார். அந்தப் பிப்ரவரியிலேயே 'சோவியத் யூனியன் வீரர்' பட்டம் கிடைத்தது. மறுபடியும் போர்முனைக்குப் போனார். யுத்தம் முடிந்த பிறகு கீவ் நகரத்தில் நெசவுத் தொழில் படித்து, ஒரு ஆலையின் நிர்வாகியாக வேலை பார்த்தார். 1991 டிசம்பர் 15-ஆம் தேதி காலமானார். எந்த தேசத்துக்காகச் சுட்டாரோ அந்த சோவியத் யூனியன் அதே மாதம் 26-ஆம் தேதி இல்லாமற் போயிற்று. 2006-இல் அவருடைய உடலை வோல்கோகிராடுக்குக் கொண்டுவந்து, அவர் போரிட்ட மமாயெவ் குன்றிலேயே மறுபடி அடக்கம் செய்தார்கள். கணக்கெழுதி, குறி பார்த்து, கண்ணிழந்து, மீண்டும் கண் பெற்று, நெசவாலை நடத்திய மனிதர். இந்த வாழ்க்கைக்கு ஒரு பொய் மேஜரின் ஒத்தாசை வேண்டுமா என்ன?

இதையெல்லாம் பேத்தியிடம் இரண்டு மாலை வேளைகளில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். "அப்ப படம் பொய்யா தாத்தா?" என்றாள்.

"படம் பொய்யில்லை, அம்மா. படம் படம்தான். நீ அதோடு நிறுத்திக்கொள்ளாமல் கேட்டாயே, அது நல்லது" என்றேன்.

சற்று நேரம் சும்மா இருந்துவிட்டு, "அந்தத் தண்ணிக்கு வந்தவன் பேர் என்ன?" என்று கேட்டாள்.

எல்லாப் புத்தகங்களும் மேஜை மேல்தான் இருந்தன. "யாரும் எழுதி வைக்கவில்லை, அம்மா" என்றேன்.

அன்று இரவு பழைய பெட்டியைத் திறந்து அந்தத் தஞ்சை ஜில்லாக் கடிதத்தைத் தேடி எடுத்தேன். விலாசம் இன்னும் படிக்கும்படியாகத்தான் இருக்கிறது. அவர் இருக்கிறாரோ இல்லையோ, அவர் வீட்டில் யாராவது இருப்பார்கள். கார்டு எழுதிப் போட்டிருக்கிறேன்.